விசுவாசியாக இருந்துகொண்டே கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பிறந்து வளர்ந்தவள் நான். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பல வருஷமாக வேதபாடம் எடுக்கிறேன். இந்தக் கேள்விகள் வேதபாடத்தின் நடுவில் வந்ததே இல்லை. ஜெபம் முடிந்து, பாயைச் சுருட்டி வைத்து, மற்றவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு போன பிறகு ஒருவர் மட்டும் பின்தங்கி நின்று கேட்பார். அப்படிக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். என்னோடு ஒத்துப்போகாதவர்கள்தான் என் சபையிலேயே அதிகம். அவர்களுடைய விசுவாசத்தை நான் குறைவாக எண்ணவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஆதரிக்கலாமா, கூடாதா?

ஆதரிக்கலாம். ஆனால் எதை ஆதரிக்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இங்கே இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கருவைக் கலைப்பது கடவுளுக்கு முன் சரியா என்பது ஒன்று. ஒரு பெண் அந்த முடிவை எடுத்தால் அவளையும் மருத்துவரையும் போலீஸ் பிடிக்க வேண்டுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு, "பெரும்பாலும் சரியில்லை, சில நேரம் வேறு நல்ல வழியே இருக்காது" என்று பதில் சொல்கிற ஒருவர், இரண்டாவது கேள்விக்கு "வேண்டாம்" என்று சொல்ல முடியும். நான் நிற்பது அந்த இடத்தில்.

கரு வெறும் சதைத் துண்டு என்று நான் நினைக்கவில்லை. என் முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் தானாகக் கலைந்தது. எத்தனையோ ராத்திரி அழுதிருக்கிறேன். அந்தத் துக்கமும் இந்த நிலைப்பாடும் எனக்குள் ஒன்றாகவே இருக்கின்றன.

வேதம் என்ன சொல்கிறது?

வேண்டுமென்றே கருவைக் கலைப்பதைப் பற்றி வேதத்தில் நேரடியான கட்டளை எதுவும் இல்லை. மோசேயின் சட்டத்தில் இல்லை, இயேசுவின் போதனையில் இல்லை, பவுலின் நிருபங்களிலும் இல்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒன்று நடக்கவில்லை என்பதால் அல்ல. எகிப்திலும் கிரேக்கத்திலும் ரோமிலும் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

"என் தாயின் கர்ப்பத்தில் என்னைக் காப்பாற்றினீர்" என்கிற 139-ஆம் சங்கீதம், "நான் உன்னைத் தாயின் வயிற்றில் உருவாக்குமுன்னே உன்னை அறிந்தேன்" என்று கர்த்தர் எரேமியாவிடம் சொல்வது, மரியாளின் வாழ்த்துதலைக் கேட்டு எலிசபெத்தின் வயிற்றில் பிள்ளை துள்ளுவது. எதிர்ப்பவர்கள் காட்டும் வசனங்கள் இவை. இவற்றைத் தள்ளிவிட எனக்கு மனம் வராது. கடவுளின் பார்வை கருவின்மேல் இருக்கிறது என்று இவை சொல்கின்றன, அதை நம்புகிறேன். ஆனால் எரேமியாவுக்கு வந்த வார்த்தை "உருவாக்குமுன்னே" என்று தொடங்குகிறது. கரு உண்டாவதற்கும் முந்தைய அறிதல் அது. ஒரு தீர்க்கதரிசியின் அழைப்பைப் பற்றிய அந்த வார்த்தையில், எந்த வாரத்திலிருந்து அது ஓர் ஆள் என்ற சட்டக் கேள்விக்கு விடை தேட முடியாது.

சட்டம் என்று வந்தால் யாத்திராகமம் 21:22-25 தான் மிக அருகில் வருகிறது. ஆண்கள் சண்டை போடும்போது நடுவில் கர்ப்பிணி ஒருத்திக்கு அடிபடுகிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு "கர்ப்பம் விழுந்துபோனால்" என்கிறது. அதற்கு அபராதம். அவளுக்கே சேதம் வந்தால் ஜீவனுக்கு ஜீவன். மூல எபிரேயம் பிள்ளைகள் வெளியே வருவதை மட்டும் சொல்வதால், குறைமாதத்தில் உயிரோடு பிறப்பதைத்தான் இது குறிக்கிறது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்த பழைய யூத அறிஞர்களோ மூன்றாவது வழியில் போனார்கள்: கரு உருவம் பெறாதிருந்தால் அபராதம், உருவம் பெற்றிருந்தால் ஜீவனுக்கு ஜீவன். இப்படி மூன்றாகப் பிரியும் வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைப் பார்த்து "வேதம் தெளிவாகச் சொல்கிறது" என்று யாரும் சொல்லக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன்.

என் பக்கம் நிற்பவர்கள் அடிக்கடி எடுக்கும் இரண்டு இடங்களை நான் எடுப்பதில்லை. ஆதாமின் நாசியில் ஜீவசுவாசம் ஊதப்பட்டதால், மூச்சு விடும்போதுதான் உயிர் தொடங்குகிறது என்பார்கள். ஆதாம் யார் வயிற்றிலும் இருந்தவன் இல்லையே. அப்புறம் எண்ணாகமம் 5-இல் சந்தேகத்துக்கு ஆளான மனைவிக்குக் கொடுக்கும் கசப்பான தண்ணீர். அது கருவைக் கலைக்கும் தண்ணீர் என்பார்கள். புருஷனின் எரிச்சலுக்காக ஒருத்தியைக் குடிக்க வைக்கும் சடங்கை, பெண்ணின் உரிமைக்குச் சாட்சியாக எப்படிக் காட்டுவது?

ஆதித் திருச்சபை முழுக்க எதிர்த்ததே?

எதிர்த்தது. அதை மறைப்பது நேர்மையல்ல. ஆதித் திருச்சபையின் மிகப் பழைய போதனை நூல்களில் ஒன்றான திதாக்கே கருக்கலைப்பையும் பிறந்த சிசுவைக் கொல்வதையும் ஒரே மூச்சில் தடுக்கிறது. ஆதி சபையின் ஆசிரியர்களான தெர்த்துல்லியானும் பெரிய பசிலியுவும் அப்படியே. பிறந்த பிள்ளையை ஏற்பதும் வெளியே போடுவதும் தகப்பன் இஷ்டம் என்றிருந்த ரோமில், "எங்களிடம் அது நடக்காது" என்று ஒரு சிறு கூட்டம் சொன்னது. அந்தத் தைரியத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் எல்லாக் கட்டத்திலும் அது கொலைதானா என்பதில் திருச்சபை ஒரே குரலில் பேசவில்லை. உருப்பெற்ற கரு, உருப்பெறாத கரு என்று அகுஸ்தீன் பிரித்தார். ஆத்துமா பிறகுதான் வருகிறது என்று இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் கற்பித்தார். இருவருக்குமே கலைப்பது பாவம்தான். 1588-இல் போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் எந்தக் கட்டத்தில் கலைத்தாலும் கொலைக்குரிய தண்டனை என்று ஆணையிட்டார். மூன்றே வருஷத்தில், 1591-இல், பதினான்காம் கிரகோரி அந்தக் கடுந்தண்டனையை உருப்பெற்ற கருவோடு நிறுத்திக்கொண்டார். 1869-இல் ஒன்பதாம் பயஸ் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டார். இன்று கத்தோலிக்கப் போதனை கருவான கணத்திலிருந்தே முழுப் பாதுகாப்பு என்பது. ஆக, பாவம் என்கிற தீர்ப்பு மாறவில்லை. எவ்வளவு பெரிய பாவம், எப்போதிலிருந்து கொலை என்பதில்தான் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள்.

சீர்திருத்த சபைகளாவது உறுதியாக எதிர்த்தன, இல்லையா?

இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் சபைப்பிரிவு சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன். இன்று கருக்கலைப்பை மிகக் கடுமையாக எதிர்ப்பவர்களில் அவர்கள் முன்வரிசை. ஆனால் 1971-இல் செயின்ட் லூயிஸ் நகரில் கூடியபோது அவர்கள் நிறைவேற்றிய தீர்மானம் வேறு. பாலியல் பலாத்காரம், முறைகேடான உறவு, கருவின் கடுமையான ஊனம், தாயின் உடல் அல்லது மனநலத்துக்குச் சேதம் வரக்கூடும் என்ற நிலை ஆகியவற்றில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்காக உழைக்கும்படி விசுவாசிகளைக் கேட்டுக்கொண்டார்கள். 1980-இல் அந்த நிலை தலைகீழாகி, தாயின் உயிரைக் காப்பாற்றுவது தவிர வேறு எதற்கும் கூடாது என்றானது.

நடுவில் 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ரோ எதிர் வேட் தீர்ப்பு வந்து நாடு முழுக்கக் கருக்கலைப்பு சட்டபூர்வமானது. எண்ணிக்கை கூடியதைப் பார்த்து மனம் கலங்கியவர்கள் நிஜமாகவே இருந்தார்கள். கட்சி அரசியலும் அந்தக் கலக்கத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. எல்லாமே அரசியல் சூழ்ச்சி என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. ஆனால் 1971-இல் கைதூக்கியவர்களும் அதே வேதத்தை வாசித்து, அதே ஜெபத்தோடு கூடியவர்கள்தான். அவர்களை அவிசுவாசிகள் என்று யாரும் அன்று சொல்லவில்லை.

இன்றும் சபைகள் பிரிந்தே நிற்கின்றன. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபையினர் எதிர்க்கிறார்கள். அமெரிக்காவின் யுனைட்டட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட், எபிஸ்கோபல், பிரஸ்பிட்டேரியன் (யு.எஸ்.ஏ.) சபைகள் சட்டபூர்வமான உரிமையை ஆதரிக்கின்றன. இங்கிலாந்துத் திருச்சபை கொள்கையளவில் எதிர்க்கிறது, மிகக் குறைந்த சூழ்நிலைகளில் ஏற்கிறது.

போதகர்களே பெண்களைக் கருக்கலைப்புக்கு அனுப்பினார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. எனக்கு மிகவும் பிடித்த சபை வரலாறுகளில் இது ஒன்று, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1967-இல் நியூயார்க்கில் கருக்கலைப்பு குற்றம். பணமுள்ளவர்கள் விமானம் ஏறி வெளிநாடு போனார்கள். இல்லாதவர்கள் இருட்டு அறைகளுக்குப் போனார்கள், சிலர் திரும்பவில்லை. கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் ஜட்சன் நினைவு ஆலயத்தின் பாப்டிஸ்ட் போதகர் ஹோவர்ட் மூடி, அந்த வருஷம் மே மாதம், வேறு போதகர்களையும் யூத ரபிகளையும் சேர்த்து மொத்தம் 21 பேராக ஒரு சேவையைத் தொடங்கினார். ரகசியமாக இல்லை. பெயர்களோடு நாளிதழில் அறிவித்தார்கள்.

தொலைபேசியில் அழைத்தால், அந்த வாரம் யாரைப் பார்க்கலாம் என்று தெரியும். பெண் வந்து போதகரோடு உட்கார்ந்து பேசுவாள். பிள்ளையைப் பெற்று வளர்ப்பது, தத்துக் கொடுப்பது, கலைப்பது எல்லாவற்றையும் பேசுவார்கள். கலைக்கத்தான் வேண்டும் என்று அவள் முடிவு செய்தால், பாதுகாப்பான மருத்துவரிடம் வழிகாட்டுவார்கள். போதகர்கள் காசு வாங்கவில்லை. மருத்துவர் நல்லவரா என்று எப்படித் தெரியும்? ஆலயத்தில் பணிபுரிந்த ஆர்லீன் கார்மென் கர்ப்பிணியைப் போலத் தானே போய்ப் பார்த்துவிட்டு வருவார். இடம் சுத்தமாக இருக்கிறதா, பெண்ணை மரியாதையாக நடத்துகிறார்களா என்று கவனிப்பார்.

சில வருஷத்தில் பல மாநிலங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குருமார்கள் இதில் சேர்ந்தார்கள். ஒரு சிலர்மேல் வழக்கும் வந்தது. 1970-இல் நியூயார்க் சட்டம் மாறியது. இவர்கள் விசுவாசத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இதைச் செய்யவில்லை. சவ அடக்கம் செய்து களைத்த மேய்ப்பர்கள் விசுவாசத்தினாலேயே செய்தார்கள்.

"எனக்கு உடன்பாடில்லை, ஆனால் சட்டம் தடுக்க வேண்டாம்" என்பது தப்பித்துக்கொள்ளும் பேச்சு அல்லவா? அடிமை முறையைப் பற்றி இப்படிப் பேசியிருந்தால் ஒப்புக்கொள்வீர்களா?

என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே மிகவும் கடினமானது இது. 1984-இல் நியூயார்க் ஆளுநர் மாரியோ குவோமோ, தாம் கத்தோலிக்கர், திருச்சபைப் போதனையை ஏற்பவர், ஆனாலும் அதை எல்லோர்மேலும் சட்டமாக்க மாட்டேன் என்று நோத்ர தாம் பல்கலைக்கழகத்தில் விளக்கமாகப் பேசினார். அன்றிலிருந்து இந்த மறுப்பும் கூடவே வருகிறது.

கருவான முதல் கணத்திலேயே அது உங்களையும் என்னையும் போல முழு ஆள் என்று ஒருவர் உறுதியாக நம்பினால், அவருக்கு இந்த மறுப்பு சரிதான். அவரிடம் "உங்கள் நம்பிக்கையை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது நியாயமில்லை. எனக்கு அந்த உறுதி இல்லை. திருச்சபைக்கும் நடைமுறையில் அது இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டாம் மாதத்தில் கலைந்துபோன கருவுக்கு நம் சபைகளில் அடக்க ஆராதனை நடத்திப் பார்த்திருக்கிறீர்களா? கல்லறைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்களா? என் கர்ப்பம் கலைந்தபோது "அடுத்தது நல்லபடியாக நிற்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. பிறந்து இறந்த பிள்ளைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருப்பதாக அவர்கள் உள்ளம் அறிந்திருந்தது.

இன்னொன்று. அடிமையை விடுவிக்க எஜமான் தன் உடம்பைக் கொடுக்க வேண்டியதில்லை. கர்ப்பத்தில் கேட்கப்படுவது உடம்பு. ரத்தம், எலும்பின் சுண்ணாம்பு, சில நேரம் உயிர். தாய் தன்னைக் கொடுப்பது கிறிஸ்தவ அன்பின் உச்சம் என்று எதிர்ப்பவர்கள் சொல்லும்போது நானும் தலையசைக்கிறேன். அதனால்தான் அதைப் போலீஸை வைத்து வாங்க முடியாது என்கிறேன். காபிரியேல் தூதன் நாசரேத்துக்கு வந்து சேதி சொன்னபோது மரியாள் கேள்வி கேட்டாள், பதிலைக் கேட்டாள், "உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" என்றாள். அதன் பிறகுதான் தூதன் அவளை விட்டுப் போனான். உலக ரட்சிப்பே அந்தப் பெண்பிள்ளையின் வாய்ச்சொல்லுக்குக் காத்திருந்தது. லூக்கா முதல் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறேன்.

தாயின் உயிருக்கே ஆபத்து என்றால் எந்தச் சபையும் மறுக்காதே?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறோம். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில், 2009-இல், நான்கு பிள்ளைகளின் தாய், 27 வயது, 11 வாரக் கர்ப்பம். நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறி உயிர் போகும் நிலை. கர்ப்பத்தை நிறுத்தாவிட்டால் இருவரும் இறப்பார்கள் என்றது மருத்துவக் குழு. கத்தோலிக்க மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் இருந்த அருட்சகோதரி ஒருவர் சம்மதம் சொன்னார். தாய் பிழைத்தார். அந்தச் சகோதரி திருச்சபைக்குப் புறம்பாகிவிட்டதாக மறைமாவட்ட ஆயர் அறிவித்தார், மறுவருஷம் மருத்துவமனையும் கத்தோலிக்க அந்தஸ்தை இழந்தது. ஆயர் தரப்பு வாதம் இது: புற்றுநோய் கண்ட கருப்பையை எடுக்கும்போது கரு இறந்தால் அது நோக்கமில்லாத விளைவு; கருவையே நேரடியாக அகற்றுவது கொலை. தர்க்கம் எனக்குப் புரிகிறது. அந்த நான்கு பிள்ளைகளிடம் போய் அதைச் சொல்ல என் நாக்கு எழாது.

அயர்லாந்தில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. கர்நாடகாவின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பன்னவர், 31 வயது, 17 வாரக் கர்ப்பம் கலைந்துகொண்டிருந்த நிலையில் 2012 அக்டோபரில் கால்வேயில் மருத்துவமனையில் சேர்ந்தார். பிள்ளை பிழைக்காது என்பது தெரிந்துவிட்டது. அகற்றிவிடும்படி கேட்டார். கருக்கலைப்பு அப்போது அங்கே குற்றம்; கருவின் இதயத்துடிப்பு இருந்ததால் மறுத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவி 28-ஆம் தேதி இறந்தார். தாயின் சிகிச்சையை எங்கள் போதனை தடுக்காது என்றார்கள் அயர்லாந்து ஆயர்கள். தாளில் அது உண்மை. ஆனால் ஜெயிலுக்குப் பயந்த மருத்துவர், ஆபத்து போதுமான அளவு முற்றிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே நிற்பார். சவிதா விஷயத்தில் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம்தான் போனது.

2018 மே 25-இல் அந்த நாட்டில் வாக்கெடுப்பு. அப்போது மக்களில் முக்கால் பங்குக்கு மேல் தங்களைக் கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொண்ட நாடு, 66.4 சதவீத வாக்குகளால் தடையை நீக்கியது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? கணவர் கையெழுத்து வேண்டுமா?

வேண்டாம். 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் போதும். இது தெரியாமல் தவித்தவர்கள் அநேகர். 1971-ஆம் வருஷச் சட்டமும் 2021 திருத்தமும் சேர்ந்து, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட சில பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தும் போதும் என்கின்றன. அதற்குமேல், கருவில் பெரிய குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். கல்யாணமாகாத பெண்ணுக்கும் இது பொருந்தும் என்று 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நம் சட்டத்தில் கடைசி வார்த்தை மருத்துவருடையது. அந்த வரம்புகளுக்கு வெளியே அது இன்னும் குற்றம்தான்.

பெண் சிசு என்பதற்காகக் கலைப்பதையும் ஆதரிப்பீர்களா?

மாட்டேன். தொட்டில் குழந்தைத் திட்டம் எதற்காக 1992-இல் தொடங்க வேண்டியிருந்தது என்று அறிந்த தமிழச்சி யாரும் இதை லேசாகப் பேச முடியாது. அந்த முடிவு அநேகமாக அவளுடையதே அல்ல. மாமியாருடையது, புருஷனுடையது, வரதட்சணைக் கணக்கினுடையது. பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டம் இதைப் புரிந்துகொண்டே எழுதப்பட்டிருக்கிறது. அது ஸ்கேன் எடுப்பவரையும் வற்புறுத்தியவர்களையும் பிடிக்கிறது. பெண்ணைப் பொறுத்தவரை அவள் கட்டாயப்படுத்தப்பட்டாள் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆனாலும், சுயமாக யோசித்தே ஒருத்தி அப்படி முடிவெடுத்தால் என்ன சொல்வாய் என்று என் மகள் கேட்டாள். அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை.

கத்தோலிக்கர் ஒருவர் இந்த உரிமையை ஆதரித்தால் நற்கருணை வாங்கலாமா?

அது அவருடைய ஆயர் சொல்ல வேண்டியது. ஆயர்களே பிரிந்துதான் நிற்கிறார்கள். 2022 மே மாதம், அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக இருந்த நான்சி பெலோசிக்கு நற்கருணை இல்லை என்று சான் பிரான்சிஸ்கோ பேராயர் அறிவித்தார். அடுத்த மாதமே வத்திக்கானில் போப் பிரான்சிஸ் கலந்துகொண்ட திருப்பலியில் அவர் நற்கருணை வாங்கினார்.

நான் கலைத்தவள். எனக்கு மன்னிப்பு உண்டா?

உண்டு. கத்தோலிக்கராக இருந்தால், இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை 2016-இல் போப் பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் நிரந்தரமாக்கிவிட்டார். ஆயரிடம் அனுப்புவார்களோ என்று பயந்து ஒதுங்கியிருக்க வேண்டாம். நம் சபைகளில் அறிக்கையிட்டு ஜெபித்தால் போதும். அறிக்கையிடவே தோன்றவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது என்று சொன்ன பெண்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களைக் குற்ற உணர்வுக்குள் தள்ளுவது என் வேலை என்று நான் எண்ணவில்லை.

எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, கல்யாணமாகவில்லை. சபை என்ன செய்யும்?

முதலில் வாரத்தைக் கணக்கிடுங்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை கேட்காது, உயிருக்கே ஆபத்து. அப்புறம் அவள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.

சபையைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு சபையில், பிள்ளையைப் பெற்றுக்கொள்வேன் என்று துணிந்த பெண்ணுக்கு ஒழுங்கு நடவடிக்கை என்று திருவிருந்தை நிறுத்தினார்கள். ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவந்தபோது பதிவேட்டில் தகப்பன் பெயர் எங்கே என்று எல்லோர் முன்னும் கேட்டார்கள். அதே பீடத்தில்தான் கருக்கலைப்புக்கு எதிராகப் பிரசங்கமும் நடக்கும். அன்று அந்த வரிசைகளில் உட்கார்ந்து அதைப் பார்த்த இளம்பெண்கள் என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள்? எங்கள் சங்கத்தில் இப்போது ஒரு சின்ன நிதி வைத்திருக்கிறோம். பிரசவச் செலவுக்கும் பால் பவுடருக்கும் முதல் ஆறு மாத வாடகைக்கும் கொடுப்போம். தகப்பன் பெயர் கேட்பதில்லை. உங்கள் பெண் பெற்றுக்கொள்ள முடிவு செய்தால் என்னிடம் அனுப்புங்கள். வேறு முடிவு செய்தாலும் அனுப்புங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன்.